உருவப்படத்தில் ஒரே ஒரு வண்ணம்: எடுப்பது முதல் திருத்துவது வரை

முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு ஒரு பொருளின் வண்ணத்தை மட்டும் விட்டுவைக்கும் முறையில், பாதி வேலை படம் எடுக்கும்போதே முடிந்துவிட வேண்டும். நீலத் துப்பட்டா அணிந்த ஒரு பெண்ணை ஜன்னலோரம் அமர்த்திப் படம் எடுப்பதாக வைத்துக்கொண்டு விளக்குகிறேன்.

முதல் படி: வண்ணத்தை முடிவுசெய்தல்

சிவப்பு எடுப்பாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் உதடும் தோலும் சிவப்பையும் ஆரஞ்சையும் ஒட்டிய நிறங்களே என்பதால், மென்பொருளில் சிவப்பை மட்டும் பிரிக்க முயன்றால் முகத்தில் திட்டுத்திட்டாக நிறம் தங்கிவிடும். ஆகவே புதிதாகப் பழகுபவர்கள் நீலத்திலோ பச்சையிலோ தொடங்குவது நல்லது.

இரண்டாம் படி: சட்டகத்தை அமைத்தல்

கேமராத் திரையில் படத்தை நீளத்திலும் அகலத்திலும் மும்மூன்றாகப் பிரிக்கும் மூன்றிலொரு பங்குக் கோடுகளை வரவழைத்து, கண்கள் மேல்கோட்டை ஒட்டி வருமாறு அமையுங்கள். அவர் பக்கவாட்டில் பார்த்தால், பார்க்கும் திசையில் கூடுதல் இடம் விடுங்கள். அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 2.8 அளவில் இருந்தால், கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். கைகள் தெரிந்தால் மணிக்கட்டிலோ முழங்கையிலோ சட்டகம் வெட்டக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது துப்பட்டா விழும் இடம். சாம்பல் நிறப் படத்தில் பார்வை முதலில் வண்ணத்துக்குத்தான் போகும் என்பதால், துப்பட்டா கீழ்மூலை வரை தொங்கினால் பார்வையும் அந்த வழியாகவே படத்தைவிட்டு இறங்கிவிடும். கழுத்தைச் சுற்றித் தோளில் நின்றாலோ, வண்ணத்திலிருந்து முகத்துக்கு ஓர் எட்டுதான்.

கேமராவின் பட அமைப்பைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, 'ரா' கோப்பாக (கேமரா பதிவுசெய்த தரவு பதப்படுத்தப்படாமல் இருக்கும் கோப்பு) எடுங்கள். கோப்பில் வண்ணம் அப்படியே இருக்கும். திரையில் மட்டும் சாம்பல் தெரியும். வண்ணப் படத்தில் தனித்தனியாகத் தெரிந்த சுவரும் முகமும் சாம்பலில் ஒன்றாகிவிடுவதுண்டு. அதை அங்கேயே கண்டுபிடித்தால், ஆளைச் சுவரிலிருந்து சற்று முன்னே நகர்த்திச் சரிசெய்யலாம்.

மூன்றாம் படி: கிம்ப்பில் திருத்துதல்

'ரா' கோப்பை அதற்கான மென்பொருளில் வண்ணப் படமாக மாற்றி, இலவச மென்பொருளான கிம்ப்பில் திறந்து, லேயரை (படத்தின் அடுக்கை) நகலெடுத்து, மேல் லேயரை 'டீசேச்சுரேட்' கட்டளையால் கறுப்பு வெள்ளையாக்குங்கள். அதற்கு வெள்ளை நிற லேயர் மாஸ்க் (லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மறைப்பு) ஒன்றைச் சேர்த்து, மாஸ்க் தேர்வில் இருக்கும்போதே கறுப்பு பிரஷால் துப்பட்டாவின் மேல் தீட்டினால், கீழ் லேயரின் நீலம் வெளிப்படும். தவறித் தோலில் பட்டுவிட்டால் எக்ஸ் விசையை அழுத்தி, வெள்ளையால் தீட்டிச் சரிசெய்யலாம்.

நான்காம் படி: ஓரங்கள்

படம் செயற்கையாகத் தெரிவது பெரும்பாலும் ஓரங்களால்தான். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். துப்பட்டாவின் மேல் விழுந்த முடி இழைகள் நீலமாகியிருக்கும். அவற்றை ஓரிரு பிக்ஸல் அகலமுள்ள வெள்ளை பிரஷால் சாம்பலுக்குத் திருப்புங்கள். துணி மடிப்பின் நிழலை விட்டுவிடாதீர்கள். அதுவும் நீலமாக இருந்தால்தான் துணி துணியாகத் தெரியும். தாடைக்கடியில் விழுந்திருக்கும் நீலப் பிரதிபலிப்பு சாம்பலாகவே இருக்கட்டும்.

நீலம் உறுத்தினால் கீழ் லேயரின் செறிவைக் குறையுங்கள். பெரும்பாலும் குறைக்கத்தான் வேண்டியிருக்கும். கருவிழிக்கு மட்டும் வண்ணம் கொடுக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. எனக்கு அது பொம்மைக் கண்ணாகவே படுகிறது.

கோப்பை முதலில் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்பில் சேமித்துவிட்டு, பிறகு ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள். ஜேபெக்கில் லேயரும் மாஸ்க்கும் தங்காது.