ஆட்வேர் நீக்கும் கருவி: ஓட்டுவதற்கு முன்னும் பின்னும்

டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்துக்கு போட்டோவை 50 கேபிக்குள் சுருக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் வந்த கோப்பைத் திறக்க வேண்டும். பிடிஎஃப்பை வேர்டாக மாற்ற வேண்டும். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஆட்வேர், அதாவது கேட்காமலே விளம்பரம் காட்டும் மென்பொருள், நுழைவது பெரும்பாலும் இந்த மாதிரி சின்னத் தேவைகள் வழியாகத்தான். தேடலில் முதலில் வந்த தளத்தில் பெரிய டவுன்லோட் பொத்தானை அழுத்தி, ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போனால், கேட்டதோடு கேட்காததும் சேர்ந்து வந்து உட்கார்ந்துவிடும். பிறகு விளம்பரத் தொல்லை தாங்காமல் ‘ஆட்வேர் ரிமூவர்’ என்று தேடி, மறுபடி முதலில் வந்ததையே இறக்குவார்கள். போலிக் கருவிகள் காத்திருப்பது அங்கேதான்.

எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் விளம்பரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். திரையின் வலது கீழ் மூலையில் சின்னப் பெட்டியாக வந்து, அதில் குரோம் பெயரும் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் தெரிந்தால், அது நீங்களே எப்போதோ ‘அலவ்’ கொடுத்த நோட்டிபிகேஷன். குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிடுங்கள். பல வீடுகளில் வேலை இதோடு முடிந்துவிடும். இந்த வகைத் தொல்லைக்கு ஸ்கேன் ஓட்டினால் கருவி ‘ஒன்றும் இல்லை’ என்றே சொல்லும், விளம்பரமும் வந்துகொண்டே இருக்கும்.

தேடல் பக்கம் தானாக மாறுகிறது, எந்தத் தளத்துக்குப் போனாலும் புதிய டேப் திறக்கிறது என்றால் பிரவுசரில் சேர்ந்திருக்கும் துணை மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்களைப் பாருங்கள். தெரியாததை நீக்குங்கள். அடுத்து விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளில் இரண்டு மூன்று மென்பொருள்கள் ஒன்றாக ஏறியிருந்தால் அவைதான் ஆள். அன்இன்ஸ்டால் செய்யும்போது வரும் பெட்டிகளை நிதானமாகப் படியுங்கள். ‘வைத்துக்கொள்’ என்பதைப் பெரிய பொத்தானாகவும் ‘நீக்கு’ என்பதை மங்கிய எழுத்திலும் போட்டிருப்பார்கள்.

இத்தனைக்குப் பிறகும் தீரவில்லை என்றால் கருவி. ஆட்வேருக்கென்றே உள்ள இலவசக் கருவி ஆட்வ்கிளீனர். 2016 அக்டோபரிலிருந்து மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. தேடலில் ‘ஸ்பான்சர்ட்’ என்று மேலே வரும் இணைப்பைத் தொடாமல், மால்வேர்பைட்ஸ் டாட் காம் என்ற முகவரியை நேராகத் தட்டிப் போய் இறக்குங்கள். இறக்கியதும் திறக்க வேண்டாம். கோப்பின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அதில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற டேப். கையெழுத்திட்டவர் பெயராக மால்வேர்பைட்ஸ் இருக்க வேண்டும். அந்த டேப்பே இல்லாவிட்டாலோ வேறு பெயர் இருந்தாலோ கோப்பை அழித்துவிடுங்கள்.

ஓட்டுவதற்கு முன் ரீஸ்டோர் பாயின்ட் (ஏதாவது கெட்டால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவுவது) ஒன்று போட்டுவைப்பது கட்டாயம். ஸ்டார்ட் மெனுவில் ‘கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்’ என்று தேடினால் சிஸ்டம் புரொடக்‌ஷன் பெட்டி வரும். பல கம்ப்யூட்டர்களில் இது அணைந்தே கிடக்கும். சி டிரைவைத் தேர்ந்து, கான்ஃபிகரில் இயக்கி, பிறகு கிரியேட் அழுத்துங்கள். முக்கியமான கோப்புகளை பென் டிரைவில் எடுத்து, டிரைவைக் கழற்றி வையுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு; இடி மின்னலும் கரண்ட் கட்டும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நீக்கும் வேலை நடக்கும்போது கரண்ட் போனால் பாதி அழிந்து பாதி நிற்கும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இருக்கட்டும், லேப்டாப் என்றால் முழுச் சார்ஜில் தொடங்குங்கள்.

ஆட்வ்கிளீனரை நிறுவ வேண்டியதில்லை. திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு, கோப்பை இருமுறை சொடுக்கி ‘ஸ்கேன்’ கொடுத்தால் சில நிமிடங்களில் பட்டியல் வரும். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ‘பிரீ-இன்ஸ்டால்டு சாஃப்ட்வேர்’ என்று தனியாக வருவது கம்ப்யூட்டர் நிறுவனமே போட்டு அனுப்பியது. அது ஆட்வேர் கிடையாது. எல்லாவற்றையும் டிக் செய்து நீக்கிவிட்டு, பிறகு கீபோர்டின் ஒளி, ஒலிப் பொத்தான்கள் வேலை செய்யவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். தமிழ்த் தட்டச்சு மென்பொருள் நாம் அழுத்தும் விசைகளைப் பிடித்து எழுத்தாக மாற்றித் தருவதால், அதையும் சில கருவிகள் சில நேரம் சந்தேகிக்கும். உங்களுக்குத் தெரிந்த பெயர் வந்தால் டிக்கை எடுத்துவிடுங்கள். மீதியைக் குவாரன்டைன் செய்து (அழிக்காமல் தனியே பூட்டிவைத்து), கேட்கும்போது ரீஸ்டார்ட் கொடுங்கள்.

ஆட்வ்கிளீனரின் செட்டிங்ஸில் ரிப்பேர் வசதிகள் வரிசையாக இருக்கும். குரோம் மெனுவின் அடியில் ‘மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்’ என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்தால், எக்ஸ்டென்ஷனை நீக்கவிடாமல் ஆட்வேர் பூட்டு போட்டிருக்கலாம். அதற்கு ‘ரீசெட் குரோம் பாலிசீஸ்’ உதவும். (சில ஆன்டிவைரஸ்களும் அந்த வரியைக் கொண்டுவரும். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் இதைத் தொடவே வேண்டாம்.) அதே வரிசையில் உள்ள ஃபயர்வால், டிசிபி/ஐபி (நெட் இணைப்பு அமைப்பு) ரீசெட்டுகளைக் காரணமில்லாமல் இயக்கினால் பகிர்ந்த பிரின்டரும் கையால் போட்ட ஐபி முகவரியும் போய்விடும்.

நீக்கிய எக்ஸ்டென்ஷன் மறுநாளே திரும்பி வருகிறதா? குரோம் சிங்க் தான் காரணமாக இருக்கும். கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டிருப்பது மறுபடி இறங்குகிறது. வீட்டில் எத்தனை கம்ப்யூட்டரில் அதே கணக்கு இருக்கிறதோ அத்தனையிலும் முதலில் சிங்கை அணைத்து, எல்லாவற்றிலும் நீக்கிய பிறகே இயக்க வேண்டும். சிங்க் இல்லாமலே திரும்பி வந்தால் குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஏதோ ஒரு வேலை அதை மறுபடி இறக்குகிறது என்று வைத்துக்கொண்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குப் போய் டிஃபென்டர் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்பும் முன்பே சோதிக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும்.

ஒரே நேரத்தில் நாலைந்து கருவிகளை நிறுவாதீர்கள். ஒன்றையொன்று தடுக்கும், 4 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர் நகரவே நகராது. மால்வேர்பைட்ஸின் முழு மென்பொருளை நிறுவினால் 14 நாள் பிரீமியம் சோதனை தொடங்கும். அது முடிந்ததும் காசு கேட்கும். கொடுக்காவிட்டாலும் நாமே ஓட்டும் ஸ்கேன் இலவசமாகத் தொடரும்.

பிள்ளைகள் வளைகுடாவிலும் பெற்றோர் ஊரிலுமாக இருக்கும் வீடுகளுக்கு இன்னொன்று. திரை முழுதும் சிவப்பாகி, சத்தம் போட்டு, ஒரு போன் நம்பரைக் காட்டும் பக்கம் வந்தால் அந்த நம்பருக்குக் கூப்பிடக் கூடாது என்று அம்மா அப்பாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள். எஸ்கேப் பொத்தானை சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்து ‘எண்ட் டாஸ்க்’. மறுபடி திறக்கும்போது ‘ரீஸ்டோர்’ கேட்டால் வேண்டாம். யாராவது எனிடெஸ்க் (தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கவிடும் மென்பொருள்) போடச் சொல்லி, பணமும் போயிருந்தால், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மெயில், வங்கிக் கடவுச்சொற்களை போனிலிருந்து மாற்றுங்கள். கெட்ட எக்ஸ்டென்ஷன் நீங்கள் திறந்த பக்கங்களையும் படித்திருக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் உள்ளே, வேண்டாத மென்பொருளைத் தடுக்கும் வசதி இயங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். குவாரன்டைனை ஒரு வாரம் அப்படியே விட்டு, பிரின்டர், தமிழ்த் தட்டச்சு, வீடியோ கால் மூன்றும் ஓடுகிறதா என்று பார்த்தபின் காலி செய்யுங்கள்.