கல்யாணம் முடிந்ததும் இனிஷியல் மாற வேண்டுமா? வேலைக்குப் போகும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்து முடிவதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "இனிஷியலை எப்போது மாற்றப் போகிறாய்?" கேட்பவருக்கு அது சாதாரணக் கேள்வி. ஆனால் நான்கைந்து வருடம் உழைத்து, அலுவலகத்தில் ஒரு பெயரைச் சம்பாதித்து வைத்திருக்கும் பெண்ணுக்கு அது அவ்வளவு சாதாரணமானது இல்லை. கல்லூரி அலுவலகத்தில் பணிப்பதிவேடுகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு. இந்த ஒற்றை எழுத்து எத்தனை பேரை அலைக்கழிக்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன். அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகும் பெண், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையே அலுவலகத்திலும் வைத்துக்கொள்வது நல்லது. மாற்றத்தான் வேண்டும் என்று அவளே விரும்பினால் எல்லா ஆவணங்களிலும் மாற்ற வேண்டும். பாதி அப்படியும் பாதி இப்படியுமாக விடுவதுதான் கெடுதல்.

சட்டம் சொல்கிறது என்ற நினைப்பு

திருமணமான பெண் கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்தால் பெயரும் தானாக மாறிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மாறாது. அந்தச் சான்றிதழ் திருமணம் நடந்ததற்கு ஆதாரம், அவ்வளவுதான். அதற்காகப் பதிவு செய்யாமல் இருந்துவிடவும் கூடாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். 90 நாட்களுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாட்கள் உண்டு. பெயரை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இந்தச் சான்றிதழ் கையில் இருந்தாக வேண்டும்.

ஆதாரை மட்டும் அவசரப்பட்டு மாற்றுவது

நான் பார்த்ததிலேயே அதிகமாக நடக்கும் தவறு இது. ரேஷன் அட்டையில் மருமகளைச் சேர்க்க வேண்டும், முகவரியை மாற்ற வேண்டும் என்று கணவர் வீட்டார் இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போவார்கள். போன இடத்தில் முகவரியோடு பெயரையும் மாற்றிவிட்டு வந்துவிடுவார்கள். அன்றைக்கு அரை மணி நேர வேலையாக முடிந்துவிடும். ஒரு வருடம் கழித்துத்தான் அதன் விலை தெரியும்.

எங்கள் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர வந்த ஒருவர் தன் ஆவணங்களை என் மேசையில் பரப்பினார். அவர் பெயர் கவிதா என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் சான்றிதழில் "மு. கவிதா". பான் அட்டையில் "கவிதா முருகன்". ஆதாரில் "கவிதா செந்தில்குமார்". வங்கிப் புத்தகத்தில் "செ. கவிதா". முன்பு வேலை பார்த்த இடத்தின் வைப்பு நிதிக் (பி.எஃப்.) கணக்கில் "எம். கவிதா". ஐந்து தாள்களும் ஒரே பெண்ணுடையவை. ஆனால் கணினிக்கு அது தெரியாது. வைப்பு நிதிக் கணக்கையும் ஆதாரையும் இணைக்க முடியவில்லை. இணைக்காமல் நிர்வாகம் அவர் பெயரில் பணம் செலுத்த முடியாது. பான் அட்டையும் ஆதாரும் ஒத்துப்போகவில்லை. "அக்கா, பாடம் நடத்துவதைவிட இதுதான் பெரிய வேலையாக இருக்கிறது" என்றார். விடுப்பு எடுத்து எடுத்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். இத்தனைக்கும் பெயர் மாற்றத்தை அவர் கேட்கவே இல்லை.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. யாரோ சொன்னார்கள் என்று ஒரு முறை, எழுத்துப் பிழையைத் திருத்த ஒரு முறை என்று இரண்டையும் செலவழித்துவிட்டால், உண்மையிலேயே தேவைப்படும்போது திண்டாட்டம்தான்.

கணவர் பெயர் எங்குமே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அது வர வேண்டிய இடங்கள் தனியாகவே இருக்கின்றன. ஆதாரில் முகவரிக்கு மேலே "பாதுகாப்பில்" (C/O) என்ற பகுதியில் கணவர் பெயரைக் கொடுத்துவிட்டு, உங்கள் பெயரை அப்படியே விடலாம். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை, தாய், கணவர் மூவர் பெயருக்கும் இடம் உண்டு. முதல் பக்கத்தில் உள்ள உங்கள் பெயரைத் தொட வேண்டியதில்லை. பான் அட்டையில் அச்சாவது தந்தை பெயர், விரும்பினால் தாய் பெயர். கணவர் பெயருக்கு அதில் இடமே கிடையாது. மணமாகி முப்பது வருடம் ஆனாலும் அப்படித்தான். இதை எடுத்துச் சொன்னாலே பல வீடுகளில் பேச்சு அடங்கிவிடுகிறது. ஊர் கேட்பது கணவர் பெயர் எங்காவது இருக்கிறதா என்பதுதான், இருக்கிறது என்று காட்டிவிடலாம்.

விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டம்

நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விட்டொழிக்க வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. இன்று நம் ஊரில் பெரும்பாலோருக்குப் பெயரும் அப்பாவின் இனிஷியலும்தான். ஆனால் ஐ.டி. நிறுவனத்தின் விண்ணப்பமும் பாஸ்போர்ட் விண்ணப்பமும் குடும்பப் பெயர் கேட்கின்றன. அந்தக் கட்டத்தில் ஓரிடத்தில் அப்பா பெயர், ஓரிடத்தில் கணவர் பெயர், ஓரிடத்தில் வெறும் புள்ளி என்று போட்டுவிட்டு வருகிறார்கள். வேலை நிமித்தம் வெளிநாடு போகும்போதுதான் இது கழுத்தைப் பிடிக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது நம் பக்கத்து ஆட்கள் பட்ட பாடு நினைவிருக்கலாம். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். விரித்த வடிவம் எது என்பதை ஒருமுறை முடிவு செய்து, பாரதி உலா வீதியில் உள்ள பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போகும் முன்பே மற்ற ஆவணங்களிலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிலில் சேர்த்த பெயரைக் கைவிடுவது

செவிலியர் மன்றம், மருத்துவ மன்றம், வழக்கறிஞர் மன்றம் இவற்றில் பதிவு செய்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உங்களை வேலை செய்ய அனுமதிப்பது அந்தப் பதிவுதான். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் ஒரு பெயர், பதிவுச் சான்றிதழில் வேறு பெயர் என்றால், வளைகுடா வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கும்போது முதலில் தட்டுவது அதுதான். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குக் கட்டுரைகள் இருக்கின்றன. மணத்துக்கு முன் வந்தவை ஒரு பெயரிலும் பின் வந்தவை வேறு பெயரிலும் இருந்தால், தேடுகிறவர்களுக்கு அவர் இரண்டு ஆளாகத் தெரிவார். பெயர் மாறியே விட்டது என்றால் ஆர்க்கிட் (ORCID) எனும், ஆராய்ச்சியாளர்களுக்கான 16 இலக்க அடையாள எண்ணை வாங்கி இரண்டையும் அதில் சேர்த்து வையுங்கள். அது இலவசம்.

இந்த ஊரில் பிறந்த ஒருவரையே எடுத்துக்கொள்ளலாம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளில் ஒன்று மதுரை, இன்னொன்று அவர் தாயார் சண்முகவடிவு. 1940இல் சதாசிவத்தை மணந்தார். அதன் பிறகும் மேடையில் எம்.எஸ்.தான். 1998இல் பாரத ரத்னா வாங்கியதும் அதே பெயரில்தான். அந்தப் பெயரைத் தூக்கி நிறுத்த உழைத்தவர்களில் அவர் கணவரே முதல் ஆள். மனைவி பெயரை மாற்றாததால் கணவருக்குக் குறைவு வந்துவிடும் என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

"உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். கேட்கட்டும். இங்கே சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்கு எட்டாம் நாளே பட்டாபிஷேகம் நடந்துவிடுகிறது, திருக்கல்யாணம் பத்தாம் நாள்தான். இதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஊரில், மணமான பெண் தன் பெயரோடு வேலைக்குப் போவதற்கு யாரிடமும் கூச வேண்டியதில்லை. ஒன்று மட்டும், இந்தப் பேச்சைக் கல்யாணத்துக்குப் பிறகு தள்ளிப் போடாதீர்கள். நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடையில் மாப்பிள்ளையிடம் நேரடியாகப் பேசிவிடுங்கள். அத்தைமார்கள் வழியாகப் பேசினால் அது கௌரவப் பிரச்சினை ஆகிவிடும்.

உண்மையில் மாற்ற வேண்டியதை மறப்பது

இதைச் சொல்லும்போதுதான் எனக்கு ஆற்றாமை வருகிறது. இனிஷியலுக்காக ஆறு மாதம் பேசுகிறார்கள், வாரிசு நியமனத்தைப் (நாமினேஷன்) பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஊழியர் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின்படி, திருமணத்துக்கு முன் செய்த நியமனம் திருமணத்தோடு செல்லாததாகிவிடும். புதிதாகச் செய்ய வேண்டும். ஆணுக்கும் இதே விதிதான். பெயரை மாற்றாமல் இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. இதைச் செய்யாமல் விட்டு ஏதாவது நேர்ந்துவிட்டால், லேடி டோக் கல்லூரி சாலையில் உள்ள வைப்பு நிதி அலுவலகத்துக்கு நடையாய் நடப்பது வீட்டில் உள்ளவர்கள்தான். பணிக்கொடை, குழுக் காப்பீடு, வங்கிக் கணக்கு ஆகியவற்றின் நியமனங்களையும் அதோடு சேர்த்துப் பாருங்கள். புதிய நியமனத்தில் உங்கள் பெயர் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

அடுத்தது கர்ப்பப் பதிவு. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைக் கிராம சுகாதாரச் செவிலியர் பிக்மி (PICME) எனும் அரசின் கர்ப்பப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்து ஒரு எண் கொடுக்கிறார். குழந்தையின் பிறப்புப் பதிவுக்கு அந்த எண் தேவை. அங்கே மாமியாரோ கணவரோ தங்கள் வழக்கப்படி கணவர் இனிஷியலோடு உங்கள் பெயரைச் சொல்லிவிட்டால், பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் அப்படியே ஏறிவிடும். பிறகு பள்ளிச் சேர்க்கை, குழந்தைக்குப் பாஸ்போர்ட் என்று போகும் இடமெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையோடு படுத்திருக்கும் நேரத்தில் இதைக் கவனிக்க முடியாது. முதல் முறை பதிவு செய்யும்போதே ஆதாரைக் கையில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். குழந்தைக்கு எந்த இனிஷியல் என்பது வேறு விஷயம், அதற்காக உங்கள் பெயர் மாற வேண்டிய அவசியம் இல்லை.

மாற்றுவது என்று முடிவெடுத்தவர்களுக்கு

கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்வது சிலருக்கு மனதுக்குப் பிடித்த விஷயம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, முறையாகச் செய்தால் போதும். முதலில் திருமணச் சான்றிதழ். அரசுப் பணியில் இருப்பவர்களும் நீண்ட காலம் பணியில் இருக்கப் போகிறவர்களும் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டுக்கொள்வது நல்லது. சென்னையில் உள்ள எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைதான் அதைச் செய்கிறது. பிறகு ஆதார், பான், வங்கி, வைப்பு நிதி, கடைசியாக அலுவலகப் பதிவேடு என்று ஒரே மூச்சில் முடியுங்கள். எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கோவை, ஒரே வரிசை. 2017 அக்டோபருக்குப் பிறகு வழங்கப்பட்ட, ஆதாரால் சரிபார்க்கப்பட்ட வைப்பு நிதி எண் (யு.ஏ.என்.) என்றால், 2025 முதல் பெயர், மண நிலை போன்றவற்றை இணையத்தில் நீங்களே திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. மதிப்பெண் சான்றிதழ் மட்டும் பழைய பெயரிலேயே இருக்கும். ஆகவே நேர்முகத் தேர்வுக்கோ சான்றிதழ் சரிபார்ப்புக்கோ போகும்போது திருமணச் சான்றிதழும் அரசிதழ் நகலும் அதே கோப்பில் இருக்க வேண்டும்.

பழைய பெயரில் இருந்த ஆதார், பான், பாஸ்போர்ட், பணி ஆணை எல்லாவற்றின் நகலையும் ஒரு தொகுப்பாக வைத்திருங்கள். வாழ்க்கை எப்படித் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? மத்திய அரசிதழில் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்ப விவாகரத்துத் தீர்ப்போ கணவரின் சம்மதக் கடிதமோ வேண்டும் என்று கேட்டதை எதிர்த்து, 2024இல் ஒரு பெண் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.