மூணு மானிட்டர் வாங்கியாச்சு, ரவுட்டருக்குக் கரண்ட் எங்கே?

போன மாதம் ஈரோட்டில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், "டிரேடிங் செட்டப் முடிஞ்சுதுங்ணா, வந்து பாருங்க" என்று கூட்டிப் போனான். வீட்டிலிருந்தே பங்குச் சந்தையில் வாங்கி விற்கப் போகிறானாம். சுவரில் மூன்று மானிட்டர். நீல விளக்கு மினுக்கும் கேபினெட். உள்ளே கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் கிராபிக்ஸ் கார்டு. நான் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ரவுட்டர் வெறும் சுவர் பிளக்கில். ஏழெட்டு வருடம் முன்னால் நான் செய்து வைத்த அதே கூத்து.

பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டாதே, திருட்டு விண்டோஸ் போடாதே என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன். மற்ற தப்புகள் இவை.

கிராபிக்ஸ் கார்டில் காசைக் கொட்டுவது

சார்ட் வரைய இது வேண்டாம். 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, ஓரளவு புதிய பிராசசர் போதும். பிராசசரோடு வரும் கிராபிக்ஸே இரண்டு மானிட்டரை ஓட்டிவிடும். வாங்குமுன் மதர்போர்டுக்குப் பின்னால் மானிட்டர் சொருக எத்தனை போர்ட் இருக்கிறது என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றில் சார்ட், இன்னொன்றில் ஆர்டர் விண்டோ. மூன்றாவதில் பிசினஸ் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு எடுத்த டிரேடுகளின் கணக்கைப் பார்த்த பிறகு அந்த மானிட்டரையே விற்றுவிட்டேன். 2022-23இல் பங்குகளில் இன்ட்ராடே, அதாவது ஒரே நாளுக்குள் வாங்கி விற்பது, செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024இல் ஆய்வு வெளியிட்டது. கார்டுக்குப் போகிற காசு, டிரேடுக்காகப் புரோக்கரிடம் வைக்கும் மார்ஜின் பணமாகவாவது இருக்கட்டும்.

வைஃபை

கேபிள் இழுங்கள்.

கம்ப்யூட்டருக்கு மட்டும் யுபிஎஸ் வைப்பது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

அன்றைக்கு ஒரு வங்கிப் பங்கில் 1,000 ஷார்ட் அடித்திருந்தேன். கையில் இல்லாத பங்கை முதலில் விற்றுவிட்டு, விலை இறங்கினால் வாங்கி லாபம் பார்க்கிற வேலை; ஏறினால் நஷ்டம். அந்த வங்கியின் லாப நஷ்ட ரிசல்ட் வருகிற நாளில் ஷார்ட் போனது தனி முட்டாள்தனம், அது இருக்கட்டும். கரண்ட் போனது. ஃபேன் நின்றது. கம்ப்யூட்டர் நிற்கவில்லை, 600 விஏ யுபிஎஸ் 'கீ கீ' என்று கத்திக்கொண்டு தாங்கியது. பெருமையாகவே இருந்தது. உள்ளே போய் டீ போட்டு எடுத்து வந்து உட்கார்ந்தேன். விலை அசையவே இல்லை. மார்க்கெட் மந்தம் போல என்று நினைத்தபடி பாதி டீயைக் குடித்துவிட்டேன்.

ரவுட்டர் அணைந்து ஆறு நிமிடம் ஆகியிருந்தது. அது சுவர் பிளக்கில் இருந்தது. இணைப்பு இல்லை என்று டிரேடிங் சாஃப்ட்வேரின் மூலையில் வந்த சிவப்புக் குறியை இன்னொரு விண்டோ மறைத்திருந்தது. போனை எடுத்துப் பார்த்தால் பங்கு 14 ரூபாய் மேலே. மொத்தம் 14,000 போச்சு. இவ்வளவுக்கு மேல் நஷ்டம் போனால் வெளியேறிவிடுவது என்கிற ஸ்டாப்லாஸை 4 ரூபாயில் வைத்திருந்தேன், மனசுக்குள்ளே. ஆர்டராகப் போட்டிருந்தால் அது எக்ஸ்சேஞ்சில் போய் உட்கார்ந்திருக்கும்; என் வீட்டில் கரண்ட் இருந்தால் என்ன, போனால் என்ன. விலை தாவினால் ஒன்றிரண்டு ரூபாய் தள்ளி மாட்டியிருக்கும், அவ்வளவுதான்.

ரவுட்டருக்கான குட்டி யுபிஎஸ் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்கிறது. வாங்கும்போது அடாப்டரைத் திருப்பி எத்தனை வோல்ட் என்று படியுங்கள். பெரும்பாலும் 12, சிலது 9. மாற்றிச் சொருகினால் ரவுட்டர் கருகும். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்றால் இரண்டுக்கும் பேக்கப் வேண்டும்.

"வீட்ல இன்வெர்ட்டர் இருக்குதுங்ணா" என்பார்கள். அது எந்த லைனில் இருக்கிறது? பல வீடுகளில் எலக்ட்ரீஷியன் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் இழுத்திருப்பார். பிளக் பாயின்ட்டில் வராது. வந்தாலும் இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது சாதா மோடில் இருந்தால் கரண்ட் மாறுகிற அந்தக் கண நேரத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் பேட்டரியும் இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துபோகும். பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது நெட்டையும் அதே கம்பத்தில் வருகிற கேபிளில் எடுப்பது

கேபிள் அறுந்தால் இரண்டும் சேர்ந்து போகும். போன் ஹாட்ஸ்பாட் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் தெருவே மொபைல் டேட்டாவுக்கு ஓடி வரும், வேகம் படுத்துவிடும். அதனால் போனில் பேசியே ஆர்டர் போட உதவும் புரோக்கரின் கால் அண்ட் டிரேட் எண் போனில் இருக்கட்டும். லாகின் ஓடிபியும் அதே போனில்தானே வருகிறது? காலையில் சார்ஜ் பாருங்கள்.

2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயே காலை 11.40க்கு நின்று மாலை 3.45க்குத்தான் திரும்ப வந்தது. அன்றைக்கு எந்த யுபிஎஸ்ஸும் உதவவில்லை.

விண்டோஸ் அப்டேட்

அப்டேட்டுக்காகத் தானாக ரீஸ்டார்ட் ஆகாமல் இருக்க, விண்டோஸ் செட்டிங்ஸில் ஆக்டிவ் ஹவர்ஸை காலை 9 முதல் மாலை 4 வரை போட்டுவிடுங்கள்.

சோதிக்காமல் திங்கட்கிழமை உட்காருவது

ஞாயிற்றுக்கிழமை மெயின் ஸ்விட்சை இறக்கிப் பாருங்கள் என்று அந்தப் பையனிடம் சொல்லிவிட்டு வந்தேன். இறக்கியிருக்கிறான். மூன்று மானிட்டரும் அணைந்தன, ரவுட்டர் அணைந்தது, கேபினெட்டின் நீல விளக்கும் போனது. ஹாலில் மீன் தொட்டி மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம். இன்வெர்ட்டர் லைன் அதற்குத்தான் போயிருக்கிறது.