ஞானப்பல் எடுக்கப் போகிறீர்களா? முளைப்பதிலிருந்து குழி மூடும் வரை, படிப்படியாக

ஞானப்பல்லுக்கும் ஞானத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மற்ற பற்களெல்லாம் எப்போதோ முளைத்து முடிந்து, ஓரளவு விவரம் தெரிகிற வயதில், பெரும்பாலும் 17-லிருந்து 25-க்குள் கடைவாயின் கடைசியில் எட்டிப்பார்ப்பதால் அந்தப் பெயர். மேலே 2, கீழே 2. சிலருக்கு ஒன்றிரண்டு இருக்காது, சிலருக்கு நான்குமே இருக்காது, கொடுத்துவைத்தவர்கள். எனக்குக் கீழ்த்தாடையில் வலப்பக்கத்துப் பல் படுத்தவாக்கில் வளர்ந்து பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு நின்றது.

படி 1: எடுக்கத்தான் வேண்டுமா?

நேராக முளைத்து, பிரஷ் எட்டுகிற இடத்தில், தொந்தரவில்லாமல் இருந்தால் விட்டுவிடலாம். எந்தச் சிகிச்சை தேவை என்று பிரிட்டனில் வழிகாட்டுகிற நைஸ் (NICE) அமைப்பு 2000-லேயே நோயில்லாத ஞானப்பல்லைச் சும்மா எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பாதி வெளியே, பாதி ஈறுக்குள் என்று நிற்கிற பல்தான் வம்பு. அதன்மேல் ஈறு ஒரு மூடி மாதிரி கிடக்கும், அதற்கடியில் உணவு போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் வீக்கம், வாய்நாற்றம், வாயைத் திறக்க முடியாத நிலை. மருந்து சாப்பிட்டால் அடங்கும். ஆனால் மூடி அங்கேயேதானே இருக்கிறது, மறுபடி வரும். ஒருமுறை லேசாக வந்து போனால் பொறுத்துப் பார்க்கலாம், திரும்பத் திரும்ப வந்தாலோ பக்கத்துப் பல் சொத்தையானாலோ எடுத்துவிடுவதுதான் நல்லது. காய்ச்சலோடு விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் மட்டும் யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 2: எக்ஸ்ரேயும் கேள்விகளும்

முழுத் தாடையும் தெரிகிற எக்ஸ்ரே ஒன்று எடுப்பார்கள். கீழ்ப்பல் என்றால் அதில் வேருக்கும், கீழுதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ரொம்ப நெருக்கம் என்றால் சிகிச்சைக்குப் பிறகு உதடு சில வாரமோ சில மாதமோ மரத்துப்போக வாய்ப்புண்டு, அரிதாக நிரந்தரமாகவும் தங்கிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி, சர்க்கரை நோய், கர்ப்பம், எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

படி 3: அந்த நாள்

மரத்துப்போகும் ஊசி மட்டும்தான் என்றால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், முழு மயக்கம் என்றால் வெறும் வயிறு. ஊசி போட்ட பிறகு வலி தெரியாது, ஆனால் அழுத்தம் நன்றாகத் தெரியும். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதது சத்தத்தைப் பற்றித்தான்: பல்லை இரண்டு மூன்று துண்டாக வெட்டி எடுக்கும்போது, பழைய கதவு ஒன்று மண்டைக்குள்ளேயே கிரீச்சிடுகிற மாதிரி இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை. வலித்தால் கையைத் தூக்குங்கள், இன்னொரு ஊசி போடுவார்கள்.

படி 4: முதல் 24 மணி நேரம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பல் போன குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டி உண்டாகும், அடியிலிருக்கும் எலும்புக்கும் நரம்புக்கும் அதுதான் போர்வை. இனி நீங்கள் செய்வது, செய்யாமலிருப்பது எல்லாம் அந்தக் கட்டியைக் காப்பாற்றத்தான்.

குழிமேல் வைத்துவிடுகிற காஸ் துணியை (ரத்தத்தை உறிஞ்சும் மெல்லிய மருத்துவத் துணி) அரைமணி முதல் ஒருமணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள், ரத்தம் நின்றதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்காதீர்கள் (நான் பார்த்தேன், திட்டு வாங்கினேன்). எச்சிலை விழுங்கிவிடுங்கள், துப்பக் கூடாது, வாய் கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. புகைப்பவர்கள் குறைந்தது 3 நாள் தொடாதீர்கள். மரத்துப்போனது தெளிய சில மணி நேரமாகும், அதுவரை உதட்டைக் கடித்துக்கொள்வோம், சுடச்சுடக் குடித்தால் வெந்துபோனதுகூடத் தெரியாது. ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் 15 நிமிடம் வையுங்கள், கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி. எச்சிலில் லேசாக ரத்தம் கலந்து வருவது சகஜம், வாய் நிறைய வந்துகொண்டே இருந்தால் போன் செய்யுங்கள்.

படி 5: இரண்டாம் நாளிலிருந்து

மறுநாள் நன்றாக இருக்கிறதே என்று நினைப்போம், இரண்டாம் மூன்றாம் நாளில்தான் கன்னம் உச்சத்துக்கு வீங்கும். அது வழக்கம்தான். 24 மணி நேரம் கழித்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தலையை மட்டும் அப்படியும் இப்படியும் சாய்த்து, தானாக வழியவிடுங்கள். மெல்லத் தேவையில்லாத, ஆறிய உணவு போதும். வாய் முழுதாகத் திறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம்.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்துகொண்டே வந்த வலி மூன்று நான்கு நாள் கழித்துத் திடீரென்று காதுவரை குத்தியெடுத்து, வாயில் கெட்ட வாடையும் வந்தால், கட்டி கழன்று எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். வீட்டில் மாத்திரை போட்டுச் சமாளிக்காதீர்கள். மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தாலே பெரும்பாலும் சீக்கிரம் அடங்கிவிடும்.

படி 6: மிச்ச நாட்கள்

தையல் தானாகக் கரையாத வகை என்றால் ஒரு வாரத்தில் பிரிப்பார்கள். ஈறு மூட 3, 4 வாரம், உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதம். மேல்பல் கீழ்ப்பல்லைவிடச் சீக்கிரம் ஆறும். ஈறு மூடும்வரை குழியில் உணவு சிக்கும், குச்சியை விட்டுக் கிண்டாதீர்கள். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து மெதுவாகப் பீய்ச்சினால் போதும். நான் முதல்முறை அப்படிச் செய்தபோது, முந்தின நாள் சாப்பிட்டது ஒரு பருக்கை அப்படியே முழுசாக வெளியே வந்தது.