வன்னியில் பெருந்தொற்றுக் கணிப்புக் குழுவை நடத்தும் முறை

பெருந்தொற்று வந்தால் கணிதம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இருக்காது. 2020 மார்ச்சில் பிரித்தானியாவின் ரோயல் சொசைட்டி, தொற்று எப்படிப் பரவும் என்று சமன்பாடுகளால் கணிக்கும் மாதிரியாக்கத்துக்கு உதவ வாருங்கள் என்று அழைத்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்டோர் முன்வந்தார்கள். எந்தக் கேள்விக்கு, எந்தத் தரவை வைத்து, எந்த நாளுக்குள் விடை வேண்டும் என்பதை இறுக்கிப் பிடிக்கும் ஆள்தான் கிடைப்பதில்லை. வன்னியின் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் அந்த வேலையை ஏற்கப் போகிறவருக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு சொல்லைத் தீர்த்துவிடுங்கள். தமிழில் தொண்டையிலிருந்து எடுப்பதும் ‘மாதிரி’, கணினியில் ஓடுவதும் ‘மாதிரி’. “மாதிரி பிழைத்துவிட்டது” என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் ஆய்வுகூடம் ஒன்றை நினைக்கும், கணிதக்காரர் வேறொன்றை நினைப்பார். சமன்பாட்டுக்கு ‘மாதிரியுரு’, தொண்டையில் எடுப்பதற்கு ‘பரிசோதனை மாதிரி’ என்று முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேள்வியை எழுத்தில் வாங்குங்கள்

“கொரோனா எப்ப குறையும்?” என்ற கேள்விக்கு எந்த மாதிரியுருவும் பயனுள்ள விடை தராது. “அடுத்த 14 நாளுக்குள் கிளிநொச்சி மாவட்டப் பொது மருத்துவமனையில் ஒட்சிசன் தேவைப்படுவோர் ஒரே நாளில் 40 பேரைத் தாண்டுவார்களா?” என்று கேட்டால் விடை தேடலாம். ஒவ்வொரு கேள்விக்கும் அரைப்பக்கத் தாள் ஒன்று வையுங்கள். கேட்பவர் யார், விடையை வைத்து என்ன முடிவு எடுப்பார், எந்தப் பிரதேசம், எதை எண்ணுகிறோம், எத்தனை நாளுக்கு, எப்போது விடை தேவை என்பவை அதில் இருக்கவேண்டும். எந்த எண் வந்தாலும் முடிவு மாறாது என்றால் அந்தத் தாளை ஒதுக்கி வையுங்கள். இந்த ஒரு வடிகட்டல் குழுவின் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

ஆட்கள்

எட்டுப் பத்துப் பேர் போதும். ஒருங்கிணைப்பாளர் தானே மாதிரியுரு ஓட்டக்கூடாது. ஓட்டினால் தன் விடைக்கே வழக்காடத் தொடங்கிவிடுவார். தரவுக் காப்பாளர் இருவர் வேண்டும், ஏனென்றால் ஒருவர் தனிமைப்படுத்தலுக்குப் போகும் நாள் வரும். மாதிரியுருக் குழுக்கள் குறைந்தது மூன்று, மூன்றும் வெவ்வேறு வகை: வளர்ச்சி வீதத்தை மட்டும் பார்க்கும் எளியது ஒன்று, மக்களைத் தொற்றாதவர், தொற்றியவர், குணமானவர் என்று பகுதிகளாகப் பிரிக்கும் எழுமாற்று மாதிரியுரு (தற்செயலையும் கணக்கில் எடுப்பது) ஒன்று, ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் கிளைகளைத் தொடர்வது ஒன்று. குழுக்களின் கணினி நிரலைச் சரிபார்க்க ஒருவர், தமிழிலும் சிங்களத்திலும் சுருக்கம் எழுத ஒருவர், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்தில் தொடர்புக்கு ஒருவர். 2021 இலிருந்து தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகம், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பீடங்கள், யாழ்ப்பாணத்து மருத்துவ பீடம் ஆகிய மூன்று இடங்களிலும் தேடினால் இவ்வளவு பேரும் கிடைப்பார்கள். நோயாளர் தரவைக் கையாள்வதற்கான ஒழுக்கவியல் அனுமதிக்குத் தொற்று அலை வரும் முன்பே விண்ணப்பியுங்கள்.

தரவு: வேலையின் பெரும்பகுதி இங்கேதான்

வைத்தியர் தொற்றுநோயை 544 படிவத்தில் அறிவிக்கிறார், எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனை பதிகிறது, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்குப் போய் விசாரித்து 411 படிவத்தை நிரப்புகிறார். ஒவ்வொரு படியிலும் நாள் கழிகிறது. ஆகவே ஒரு நோயாளருக்கு நான்கு திகதிகள் இருக்கும்: அறிகுறி தொடங்கியது, பரிசோதனை மாதிரி எடுத்தது, முடிவு வந்தது, அறிக்கையில் ஏறியது. நான்கையும் அட்டவணையில் தனித்தனி நிரலாக வையுங்கள். முடிவு வந்த நாளை நோய் வந்த நாளாக வைத்தால், தேங்கிக் கிடந்த மூன்று நாள் முடிவுகளை ஆய்வுகூடம் ஒன்றாக வெளியிடும் திங்கட்கிழமை பெரும் உச்சமாகத் தெரியும். அந்த உச்சத்தைப் பார்த்துச் சந்தையை மூடினால் பழி மாதிரியுருவின் தலையில் விழும்.

திகதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற ஒழுங்கில் மட்டும் எழுதுங்கள். 05/08 என்று எழுதினால் ஒரு கணினி ஓகஸ்ட் 5 என்று வாசிக்கும், இன்னொன்று மே 8 என்று வாசிக்கும். வாரத்தை எண்ணும்போதும் கவனம் தேவை. கொழும்புத் தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையில் வாரம் சனி தொடங்கி வெள்ளியில் முடியும். கணினி மென்பொருள்கள் பெரும்பாலும் திங்கள் தொடங்கி ஞாயிறு வரை எண்ணும். இரண்டையும் கலந்தால் இரண்டு நாள் நழுவும், வேகமாக ஏறும் அலையில் அது சிறிய பிழையல்ல.

இடப்பெயர்தான் வன்னியில் அதிகம் சறுக்கும் இடம். கரைதுறைப்பற்று ஆங்கிலப் படிவத்தில் மரிரைம்பற்று என்று வரும். பூநகரி சில இடங்களில் பூநெரின் ஆகும். செட்டிகுளம் என்பதும் வெங்கலச்செட்டிகுளம் என்பதும் ஒன்றுதான். மாந்தை கிழக்கு முல்லைத்தீவில் இருக்கிறது, மாந்தை மேற்கு மன்னாரில். வெறும் ‘மாந்தை’ என்று எழுதப்பட்ட வரியை ஊகித்து நிரப்பாதீர்கள், கேட்டறியுங்கள். வவுனியா என்பது நகரமா, பிரதேச செயலாளர் பிரிவா, மாவட்டமா என்பதும் தெளிவாக வேண்டும். பெயரை விட்டுவிட்டு கிராம அலுவலர் பிரிவின் இலக்கத்தைப் பயன்படுத்துங்கள். எம்.ஓ.எச். எல்லையும் பிரதேச செயலாளர் பிரிவு எல்லையும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்குமென்று எண்ணவும் வேண்டாம். எந்தக் கிராம அலுவலர் பிரிவு எந்த எம்.ஓ.எச். பகுதிக்குள் வருகிறது என்ற பட்டியலை அலை வரும் முன்பே தயாரியுங்கள்.

அதே கிராம அலுவலர் இலக்கம் இன்னொரு பொறுப்பையும் கொண்டுவருகிறது. 2012 கணக்கெடுப்பின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் சுமார் 92,000 பேர், 136 கிராம அலுவலர் பிரிவுகள். சராசரியாகப் பார்த்தால் ஒரு பிரிவில் 700 பேருக்கும் குறைவு. அங்கே “பெண், 63 வயது, ஓகஸ்ட் 12” என்று ஒரு வரி வெளியே போனால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். மாதிரியுருக் குழுக்களுக்குக் கொடுக்கும் கோப்பில் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எதுவும் இருக்கக்கூடாது. வயதைப் பத்தாண்டுக் கட்டாகவும், இடத்தைப் பிரதேச செயலாளர் பிரிவாகவும் சுருக்குங்கள். 5 இலும் குறைந்த எண்ணை வெளியிட வேண்டாம். நோயாளர் பட்டியலை வட்ஸ்அப்பில் அனுப்புவதை முற்றாகத் தடைசெய்யுங்கள். ஒரு குடும்பத்தை ஊர் ஒதுக்கிவைத்தால் அடுத்த குடும்பம் காய்ச்சலையே மறைக்கும். அப்புறம் உங்களிடம் தரவும் இராது, அவர்களுக்கு மருத்துவமும் இராது.

தனிமைப்படுத்தல் நிலையங்களில் இருப்போரைத் தனியாக எண்ணுங்கள். கொவிட் காலத்தில் வன்னியில் படைமுகாம்கள் அப்படிப் பயன்பட்டன. வெளிநாட்டிலிருந்தும் வெளிமாவட்டத்திலிருந்தும் வந்தவர்கள் அங்கே தொற்றாளராகப் பதிவானால் மாவட்ட எண்ணிக்கை ஏறும், ஊருக்குள் பரவல் ஏறியிராது. யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ மாற்றப்பட்ட நோயாளருக்கு வசிப்பிடம், சிகிச்சை இடம் என இரு நிரல் வேண்டும்.

கோப்பு வகையிலும் ஏமாறவேண்டாம். 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் 15,841 தொற்றாளர்கள் நாளாந்த எண்ணிக்கையிலிருந்து விடுபட்டார்கள். 65,536 வரிக்கு மேல் ஏற்காத பழைய எக்ஸெல் கோப்பு மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டிருந்தது. வன்னியில் அவ்வளவு வரி வராது. ஆனாலும் ஒவ்வொரு கோப்போடும் ‘மொத்த வரிகள் இத்தனை’ என்று அனுப்புபவர் எழுதவேண்டும், பெறுபவர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

கடைசி ஒரு வாரத்து எண்கள் எப்போதும் குறைவாகவே தெரியும், ஏனென்றால் அறிக்கைகள் இன்னும் வந்து சேரவில்லை. பழைய வாரங்களைப் பார்த்து, நோய் தொடங்கி இரண்டு நாளில் எத்தனை வீதம் பதிவாகிறது, ஐந்து நாளில் எத்தனை என்று அட்டவணை போடுங்கள். உதாரணமாக இரண்டு நாளில் 40 வீதம் மட்டுமே பதிவாகுமென்றால், இப்போது தெரியும் 30 பேர் உண்மையில் 75 பேராக இருக்கலாம். இந்தத் திருத்தம் செய்யாமல் வரையும் ஒவ்வொரு வளைவும் கடைசியில் கீழே வளைந்து, அலை அடங்கிவிட்டதென்று பொய் சொல்லும்.

சிறிய எண்களின் கணிதம்

பாடநூலில் உள்ள வகையீட்டுச் சமன்பாடு, பரவல் எண் (ஒரு தொற்றாளர் சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பது) 1 ஐத் தாண்டினால் தொற்று கட்டாயம் வளரும் என்று சொல்லும். பல இலட்சம் பேருள்ள நகரத்துக்கு அது பொருந்தும், ஒட்டுசுட்டான் போன்ற சிறிய ஊருக்குப் பொருந்தாது. கொவிட் பரவலில் பெரும்பாலானோர் ஒருவருக்குமே கொடுப்பதில்லை, சிலர் மட்டும் பலருக்குக் கொடுக்கிறார்கள். பரவல் எண் 2, அந்த ஏற்றத்தாழ்வைக் குறிக்கும் அளபுரு 0.1 (இந்த எண் சிறிதானால் ஏற்றத்தாழ்வு அதிகம்) என்று வைத்துக் கணக்கிட்டால், ஊருக்குள் வந்த ஒரு தொற்றாளரின் சங்கிலி தானாகவே அணைந்துபோகும் நிகழ்தகவு சுமார் 89 வீதம். ஏற்றத்தாழ்வு இல்லையென்று வைத்தால் அது 20 வீதம் மட்டுமே. ஆனால் ஏற்றத்தாழ்வு உள்ள முதல் கணக்கிலேயே 20 பேர் தனித்தனியே வந்தால் ஒரு சங்கிலியாவது பற்றிக்கொள்ளும் நிகழ்தகவு 90 வீதம். ஒரு கிராமத்தில் தொற்று அணைந்ததை நடவடிக்கையின் வெற்றி என்று எழுதும் முன் இந்த எண்களைப் பாருங்கள். எண்ணிக்கை சில பத்தைத் தாண்டும் வரை எழுமாற்று மாதிரியுருவை 10,000 முறை ஓட்டி, வரும் விடைகளின் பரப்பைக் கொடுங்கள்.

எளிய குழு பரவல் எண்ணைக் கையாலேயே கணக்கிடலாம். தொற்று 7 நாளில் இரட்டித்தால் நாள் வளர்ச்சி வீதம் 0.099. மறைநிலை (தொற்றியவர் பிறருக்குப் பரப்பத் தொடங்கும் வரையான காலம்) 3 நாள், பிறருக்குத் தொற்றக்கூடிய காலம் 5 நாள் என்றால், ஒவ்வொன்றையும் 0.099 ஆல் பெருக்கி, 1 உடன் 0.297 ஐயும் 1 உடன் 0.495 ஐயும் தனித்தனியே கூட்டி வரும் இரண்டையும் பெருக்குங்கள்: 1.94. மற்றக் குழுக்களின் விடை இதிலிருந்து வெகுதூரம் போனால் ஏனென்று கேளுங்கள்.

யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்பதற்கு 2008 இல் வெளியான எட்டு ஐரோப்பிய நாடுகளின் தொடர்பு அட்டவணையை அப்படியே எடுத்துப் போடுவது வழக்கமான தவறு. இங்கே ஏ9 வீதியில் வரும் தொற்று முதலில் வவுனியாவிலும், பிறகு மாங்குளத்தில் பிரிந்து கிழக்கே முல்லைத்தீவுக்கும் மேற்கே மல்லாவிக்கும் போகக்கூடும். ஆடைத் தொழிற்சாலைப் பேருந்து பல கிராமங்களை ஒரே காலையில் இணைக்கிறது. காலபோக அறுவடைக்கு அறுவடை இயந்திரக்காரர் ஊர் ஊராகப் போகிறார்கள். கொக்கிளாய், நாயாறு கரைக்குப் பருவத்துக்கு வெளிமாவட்ட மீனவர் வருகிறார்கள். வற்றாப்பளைப் பொங்கலும் மடுத் திருவிழாவும் நாட்காட்டியில் முன்கூட்டியே தெரியும். இவற்றை எம்.ஓ.எச். பணிமனையிலும் கிராம அலுவலரிடமும் கேட்டு ஒரு பக்க நாட்காட்டியாக எல்லாக் குழுக்களுக்கும் கொடுங்கள்.

வாரச் சக்கரம்

சனி நண்பகல் தரவைப் பூட்டுங்கள். அதன் பின் வரும் திருத்தம் எதுவானாலும் அடுத்த வாரத்துக்கு. பூட்டாவிட்டால் மூன்று குழுக்களும் மூன்று தரவில் ஓட்டிவிட்டு மாதிரியுருக்களைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள். ஞாயிறு ஓட்டம். திங்கள் காலை நிரல் சரிபார்ப்பவர் ஒவ்வொரு குழுவின் கணினி நிரலையும் தன் கணினியில் ஒரே கட்டளையால் ஓட்டி அதே எண் வருகிறதா என்று பார்ப்பார். வராத விடை அந்த வாரம் சேர்க்கப்படாது. பிற்பகல் 40 நிமிடக் கூட்டம், செவ்வாய் சுருக்கம். இணைப்பு பலமில்லாத ஊரிலிருப்பவர் கூட்டத்துக்கு வரமுடியாமல் போகும், ஆகவே முடிவுகளை ஒலிப்பதிவாக அல்லாமல் பத்து வரி எழுத்தாக அனுப்புங்கள்.

ஒவ்வொரு குழுவும் ஒரே ஐந்து எண்களைத் தரட்டும்: 5, 25, 50, 75, 95 ஆம் சதமானங்கள் (5 ஆம் சதமானம் என்றால் உண்மை அதற்குக் கீழே விழ 5 வீத வாய்ப்பே உண்டு). ஒவ்வொரு சதமானத்துக்கும் குழுக்களின் இடைய மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) எடுத்தால் கூட்டு விடை கிடைக்கும். அதை நாள்வாரியாக மட்டும் செய்தால் ஒரு பொறி உண்டு. மூன்று குழுவும் உச்சம் 60 கட்டில் என்று சொன்னாலும், வெவ்வேறு வாரத்தில் சொன்னால், கூட்டு வளைவு 60 ஐத் தொடவே தொடாது. மருத்துவமனைக்கு வேண்டியது உச்சத்தின் உயரம் என்றால் அதைத் தனிக் கேள்வியாகக் கேட்டு வாங்குங்கள். கட்டில் கணக்குக்குச் சுருக்க வழி: நாளொன்றுக்கு 6 பேர் அனுமதி, சராசரி 10 நாள் தங்கல் என்றால் 60 கட்டில் நிரம்பியிருக்கும். தொற்று குறையத் தொடங்கிய பிறகும் கட்டில் எண்ணிக்கை சில நாள் ஏறும் என்பதைச் சுருக்கத்தில் எழுதத் தவறாதீர்கள்.

சுருக்கம் ஒரு பக்கம். இரண்டு அல்லது அதிகம்போனால் நான்கு வாரத்துக்கு உட்பட்டதை ‘எதிர்வுகூறல்’ என்றும், அதற்கு அப்பால் உள்ளதை ‘இப்படி நடந்தால்’ என்றும் தலைப்பிடுங்கள். இரண்டையும் ஒரே படத்தில் வரைந்தால் பத்திரிகை மோசமான கோட்டையே தலைப்பாக்கும், மக்கள் அதற்குத்தான் பயப்படுவார்கள். வவுனியா தெற்கு, வெலிஓயா மக்களுக்குச் சிங்களப் பிரதி அதே நாளில் போகவேண்டும், மறுநாள் அல்ல. பழைய எதிர்வுகூறலையும் உண்மையில் நடந்ததையும் அடியில் சிறிய அட்டவணையாகப் போடுங்கள். 5 க்கும் 95 க்கும் இடையில் பத்துக்கு ஒன்பது முறை உண்மை விழவேண்டும். ஆறு முறைதான் விழுகிறதென்றால் அந்தக் குழு தன் பரப்பை அகட்டவேண்டும்.

ஒத்திகைக்கு டெங்கு இருக்கிறது. வாடைக்காற்று மழையோடு அது ஏறும், நான்கு மாவட்டங்களின் எண்களும் வாராந்த அறிக்கையில் தனித்தனியே வெளியாகின்றன. ஒக்டோபர் நடுவில் குழுவைக் கூட்டி, ஜனவரி முடியும் வரை சனிக்கிழமை பூட்டிலிருந்து செவ்வாய்ச் சுருக்கம் வரை முழுச் சக்கரத்தையும் ஓட்டுங்கள். இரண்டாவது வாரத்தில் ஒரு தரவுக் காப்பாளரை முன்னறிவிப்பின்றி விடுப்பில் அனுப்பி, மற்றவரால் தனியே கோப்பைப் பூட்ட முடிகிறதா என்று பாருங்கள்.