குட்டி யானையில் இடிபாடு ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

10 அடி நீளம், 10 அடி உயரம், நாலரை அங்குலக் கனத்தில் ஒரு செங்கல் தடுப்புச் சுவர். இதை இடித்தால் எவ்வளவு எடை தேறும்? செங்கல் கட்டு மட்டுமே சுமார் 2 டன். இருபுறப் பூச்சையும் சேர்த்தால் இரண்டரை டன்னை நெருங்கும். ஆனால் இடித்துக் குவித்த பிறகு பார்த்தால் அது பெரிய குவியலாகவே தெரியாது. "இரண்டு நடை போதும்" என்று வீட்டுக்காரர் சொல்வார். நடைக்கு இவ்வளவு என்று பேசியிருப்பதால், ஒரு நடை குறைந்தால் அவருக்கு லாபம்தான். அந்தப் பேரத்தின் பாரம் முழுவதும் வண்டியின் பிரேக் மீதும் ஓட்டுநரின் உயிர் மீதும் ஏறுகிறது.

முதல் தவறு, கண்ணால் அளப்பது. குட்டி யானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸின் சரக்குத் தட்டு ஏறத்தாழ 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். பக்கத் தடுப்பு சுமார் 1 அடி. தடுப்பின் விளிம்பு வரை நிரப்பினால் ஒரு கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். உடைந்த செங்கல்லும் காரையும் கலந்த இடிபாடு, இடைவெளிகளோடு சேர்த்தே, ஒரு கன மீட்டருக்கு 1,300 கிலோ அளவில் நிற்கும். அப்படியானால் தட்டை மட்டமாக நிரப்பினாலே 1,200 கிலோவைத் தாண்டிவிடும். அந்த வண்டியின் பல மாடல்களுக்குச் சுமைத்திறன் 750 கிலோதான். பஞ்சு மூட்டைக்கும் காலி அட்டைப் பெட்டிக்கும் தட்டு நிறைவது கணக்காக இருக்கலாம். இடிபாட்டுக்குத் தட்டு பாதி நிறைந்தாலே நிறுத்திவிட வேண்டும்.

அந்த 750 கிலோவும் முழுமையாகக் கைக்கு வராது. ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும்: வெற்று எடை, மொத்த எடை. மொத்த எடையையே ஏற்றக்கூடிய சுமை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வண்டியும் சேர்ந்த எடை. அதிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் சுமைத்திறன். வெற்று எடையில் ஓட்டுநரும் உதவியாளரும் சேர்வதில்லை. சட்டத்தின் வரையறையே அப்படித்தான். ஆகவே இருவருக்கும் சேர்த்து 130 கிலோ, கடப்பாரை, மண்வெட்டி, தார்ப்பாய்க்குக் கொஞ்சம் என்று கழித்தால், இடிபாட்டுக்கு மிஞ்சுவது 600 கிலோ சொச்சம். மேலே சொன்ன சுவருக்கு நான்கு நடைக்குக் குறையாது.

மழையை மறந்துவிடுவது அடுத்த தவறு. காய்ந்த செங்கல் ஒன்று ஏறத்தாழ 3 கிலோ. ஒரு நாள் முழுக்க நீரில் ஊறினால், தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை நீரை உறிஞ்சும் செங்கல்லைக்கூட இந்தியத் தர நிர்ணயம் ஏற்றுக்கொள்கிறது. அதாவது ஒரு கல்லுக்கு 600 கிராம் வரை. ஐப்பசி மழையில் திறந்தவெளியில் கிடந்த குவியலுக்கு நேற்றைய கணக்கு பொருந்தாது. முதல் நாளே தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள். மண் கலந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. ஈர மண் கன மீட்டருக்கு 2 டன் வரை போகும்.

எடை சரியாக இருந்தாலும் வைக்கும் இடம் தவறலாம். கான்கிரீட் துண்டுகளைப் பின் கதவோரம் போட்டால் இறக்குவது எளிது என்று அங்கேயே குவிக்கிறார்கள். பின் அச்சுக்குப் பின்னால் பாரம் கூடக்கூட முன் சக்கரங்கள் சாலையை அழுத்திப் பிடிப்பது குறையும், ஸ்டியரிங் லேசாகிவிடும். மேம்பாலத்தில் இறங்கும்போதும் மழைச் சாலையில் திரும்பும்போதும் இதன் ஆபத்து தெரியும். கனமானவற்றைத் தட்டின் நடுவிலிருந்து முன்பக்கமாக, தரையோடு ஒட்டிப் பரப்பி வைக்க வேண்டும்.

பின்புற ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டுவிட்டால் தாங்கும் என்பதை நான் ஏற்கவே மாட்டேன். வண்டி தொங்காமல் நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். டயர், பிரேக், அச்சு எல்லாம் பழையவைதான், ஆர்.சி. எடையும் மாறாது.

எடை மேடைக்குப் போவதை வீண் செலவாக நினைக்க வேண்டாம். காலியாக ஒரு முறை, முதல் நடை ஏற்றியபின் ஒரு முறை நிறுத்தினால், அந்த வேலை முழுவதற்கும் அளவு கிடைத்துவிடும். மேடை தொலைவில் இருந்தால் சிமெண்ட் சாக்கில் நிரப்பி, ஒரு சாக்கை மட்டும் தராசில் நிறுத்துங்கள். 45 கிலோ வந்தால் 13 சாக்கு, அதோடு போதும்.

சட்டமும் ஓட்டுநரை மட்டும் பிடிப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவு, வண்டியை ஓட்டுபவரோடு ஓட்டவைப்பவரையும் அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. 2019 திருத்தத்தின்படி மிகை பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், அத்துடன் இறக்குக் கூலி. கூடுதல் சுமையை இறக்காமல் வண்டி நகரவும் முடியாது.

சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவைப் பதப்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. அங்கே போகும் தூரத்துக்குப் பயந்து ஏரிக்கரையில் கொட்டுவதும், நடையைக் குறைக்க அதிகம் ஏற்றுவதும் ஒரே பேரத்தில் பிறக்கும் தவறுகள். ஆகவே சுவரில் முதல் கடப்பாரை விழும் முன்பே, கழிவு எத்தனை டன் வரும், எத்தனை நடை ஆகும், எங்கே கொட்டுவது என்று பேசி, அதற்கான கூலியை மதிப்பீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.