இமையில் விபூதி பூத்ததுபோல் ஆகாமல் பேஸ்டல் ஐஷேடோ போட

பேஸ்டல் என்னும் வெளிர் நிற ஐஷேடோ பேலட்டின் டப்பாவைத் திறந்தால் ரோஸ்மில்க், பிஸ்தா, இளம் கத்திரிப்பூ என்று கண்ணைப் பறிக்கும். அதையே இமையில் தடவினால் விபூதி பூசினாற்போல் சாம்பல் பூத்து நிற்கும். "நம்ம கலருக்கு இதெல்லாம் எடுபடாது" என்று பேலட்டை மூடி வைத்துவிடுகிறவர்கள் நிறைய. குறை தோலில் இல்லை. வெளிர் நிறம் என்பதே கொஞ்சம் நிறமியோடு டைட்டானியம் டை ஆக்ஸைடு போன்ற வெள்ளைப் பொடியை நிறையக் கலந்ததுதான். விலை மலிவான பேலட்டில் டால்க்கும் தாராளமாக இருக்கும். இந்தப் பொடி மாநிறத் தோலின் மேல் மெல்லிசாக விழும்போது அடியிலிருக்கும் பழுப்பு பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் சாம்பலாகத் தோன்றுகிறது. அடியிலுள்ள பழுப்பை முதலில் மறைத்து, மேலே பொடியைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வைத்தால் 250 ரூபாய் பேலட்டும் நன்றாகவே வேலை செய்யும்.

வாங்கும்போது

மணிக்கட்டின் உட்பக்கத்தில் தடவிப் பார்ப்பது வீண். அந்த இடம் இமையைவிட வெளுப்பு, எந்த நிறமும் அங்கே அழகாகத்தான் இருக்கும். விரல் முட்டியின் மேல் ஒரே ஒரு இழுப்பு இழுத்து, பிறகு லேசாக ஊதிப் பாருங்கள். பாதிக்கு மேல் பறந்துவிட்டால் அது வெறும் சுண்ணாம்புத் தூள். பீச்சும் வெங்காய நிறமும் நம் தோலுக்கு நெருக்கம் என்பதால் ஏறக்குறைய எந்த பேலட்டிலும் தேறிவிடும். மலிவு பேலட்டுகளில் அதிகம் சொதப்புவது இளமஞ்சளும் பிஸ்தாவும். முதல்முறை வாங்குகிறவர்கள் எல்லாமே மேட்டாக (மினுமினுப்பு இல்லாமல்) இருப்பதை எடுக்காமல், இரண்டு மூன்று ஷிம்மர் (மினுமினுப்பு நிறம்) கலந்ததை எடுப்பது நல்லது. ஷிம்மரில் இருக்கும் மைக்கா தோலில் ஒட்டி ஒளியைத் திருப்பி அனுப்புவதால் சாம்பல் அவ்வளவாகத் தெரியாது.

தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், உரிம எண், காலாவதி தேதி எதுவும் அச்சிடாத பேலட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கண்ணுக்கு வேண்டாம். கைவினைக் கடையில் கிடைக்கும் கிளிட்டரும் அப்படித்தான், விழியைக் கீறிவிடும்.

பேலட்டோடு வேண்டியவை: ஒரு தட்டை பிரஷ், நிறங்களின் ஓரத்தைக் கரைக்கப் பஞ்சு போன்ற பிளெண்டிங் பிரஷ் இரண்டு, தோலின் கருமையை மறைக்கும் கன்சீலர் கிரீம், வெள்ளைக் காஜல் பென்சில், உங்கள் தோலைவிட இரண்டு படி அடர்ந்த மேட் பிரவுன் ஐஷேடோ, காம்பாக்ட் பவுடர். பேலட்டோடு வரும் ஸ்பாஞ்ச் குச்சியைத் தூக்கிப் போடாதீர்கள். தேய்க்கத்தான் அது உதவாது, ஒற்றுவதற்கு அருமையானது.

அடித்தளம்

நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்கலாம். டிஷ்யூவை இமைமேல் வைத்து அழுத்தி எண்ணெயை எடுத்துவிடுங்கள். ஓர் இமைக்கு அரை அரிசி அளவு கன்சீலர் போதும்; மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரப்புங்கள். இதற்கு மேல் வைத்தால் ஒரு மணி நேரத்தில் மடிப்பில் கோடு விழும், சென்னை வெக்கையில் இன்னும் சீக்கிரம். இமை நன்றாகக் கறுத்திருந்தால் கன்சீலருக்கு முன் கருமையை ஈடுகட்டும் பீச் நிற கரெக்டர் கிரீமைத் துளி தொட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து காம்பாக்ட். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். இமை மடிப்புக்கு மேலே மட்டும் பவுடர் போடுங்கள், இமையின் மேல் வேண்டாம். மடிப்புக்கு மேலே பிரவுன் வழுக்கிக்கொண்டு பரவ வேண்டும், அதற்குப் பவுடர் தேவை. இமைமேல் பேஸ்டல் ஒட்டி நிற்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் பிசுபிசுப்பு வேண்டும்.

கோதுமை நிறத்தவர்களுக்குக் கன்சீலரே போதும். மாநிறமாக இருந்தால் அதன் மேல் வெள்ளைக் காஜலை, இமை முடிக்கு அருகிலிருந்து மடிப்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே வரை தீற்றி, ஓரங்களை விரலால் கரைத்துவிடுங்கள். மடிப்பைத் தாண்டினால் கடைசியில் வெள்ளை விளிம்பு எட்டிப் பார்க்கும். இன்னும் கறுத்த தோலுக்கு வெள்ளையைவிட அதே குடும்பத்து நிறம் நல்லது: லாவெண்டருக்கு அடியில் ஊதாக் காஜல், வான நீலத்துக்கு அடியில் நீலக் காஜல். சாம்பல் தட்டாது, நிறமும் ஆழமாக நிற்கும்.

லாவெண்டர், தினசரிக்கு

முதலில் பிரவுன். பிளெண்டிங் பிரஷ்ஷில் தொட்டு, ஒருமுறை தட்டிவிட்டு, கண்ணாடியில் நேராகப் பார்த்தபடி மடிப்பின் மேல் முன்னும் பின்னுமாக மெல்ல ஓட்டுங்கள். கண்ணைத் திறந்தால் மடிப்பு மறைந்துவிடும் அமைப்பு என்றால், மடிப்புக்குச் சற்று மேலே வையுங்கள். இந்தப் பிரவுனை விட்டுவிட்டால் வெளிர் நிறம் முகத்தோடு சேராமல் தனியாக ஒட்டவைத்த காகிதம்போல் இருக்கும்.

இப்போது தட்டை பிரஷ்ஷை லாவெண்டரில் அழுத்தி எடுத்து, இமையின் நடுவில் வைத்து ஒற்றுங்கள். இழுக்கக் கூடாது, இழுத்தால் அடியிலிருக்கும் வெள்ளையும் சேர்ந்து பெயர்ந்துவரும். நடுவிலிருந்து மூக்குப் பக்கம், பிறகு வெளிப் பக்கம். இப்படி மெல்லிசாக மூன்று சுற்று. ஒரே தடவையில் அப்பினால் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும். பிரவுனும் லாவெண்டரும் சந்திக்கும் எல்லையில் மட்டும், எதையும் தொடாத இரண்டாவது பிளெண்டிங் பிரஷ்ஷால் சின்னச் சின்ன வட்டமாக நாலைந்து முறை சுழற்றுங்கள். பிரவுன் படிந்த பிரஷ்ஷையே இதற்கும் எடுத்தால் இமை முழுக்கச் சேற்று நிறமாகிவிடும்.

கீழ் இமையின் வெளிக் கோடியில் மிச்சமிருக்கும் பிரவுனைத் தொட்டு, மேலே மஸ்காரா இரண்டு கோட். கறுப்பு மை இல்லாமல் கண் கண்ணாகவே இல்லை என்று நமக்கெல்லாம் பழக்கம். ஆனால் கீழ் இமையில் தீட்டிய மை வியர்வையில் கசிந்து வெளிர் நிறத்தோடு கலந்தால் தூக்கம் கெட்ட கண்போல் ஆகிவிடும். கறுப்பை மேல் இமையோடு நிறுத்திக்கொண்டு கீழே பிரவுன் அல்லது நேவி நீலம் தீட்டலாம்.

ரிசப்ஷனுக்கு

உள் பாதியில் வெங்காய நிறம், வெளிப் பாதியில் லாவெண்டர், கடைசி மூலையில் மட்டும் அடர் கத்திரிப்பூ. வெளுத்ததிலிருந்து ஆரம்பித்து அடர்ந்ததில் முடியுங்கள்; ஒவ்வொரு நிறமும் முந்தையதன் மேல் கொஞ்சம் ஏறியிருந்தால் எல்லைக் கோடு தெரியாது. நடுவில் ஷிம்மரை விரலாலேயே அழுத்துங்கள், பிரஷ்ஷைவிட நன்றாக ஒட்டும். புடவையின் உடல் நிறத்தையே கண்ணிலும் வைப்பது பழைய பாணி. எம்.எஸ். நீலப் பட்டுக்கு வான நீலத்தைவிட இந்த வெங்காய நிறம் எடுப்பாக இருக்கும்.

பிஸ்தாவை லைனராக

இமை முழுக்கச் சரியாக வராத பிஸ்தாவையும் மஞ்சளையும் வீணாக்க வேண்டாம். கொஞ்சம் சுரண்டி ஒரு ஸ்பூனில் போட்டு, செட்டிங் ஸ்ப்ரே (மேக்கப் கலையாமலிருக்கத் தெளிப்பது) ஒன்றிரண்டு துளி விட்டுத் தோசை மாவுப் பதத்துக்குக் குழையுங்கள். மெல்லிய கறுப்பு லைனர் காய்ந்த பிறகு, அதையொட்டி மேல்பக்கத்தில் சாய்வு பிரஷ்ஷால் 2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கோடு. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு இதுதான் இருப்பதிலேயே எளிது. பேலட்டின் மேலேயே ஸ்ப்ரே அடிக்காதீர்கள். பொடி இறுகி மேலே ஆடை கட்டிவிடும். ஏற்கெனவே கட்டிவிட்டால் செல்லோடேப்பை ஒட்டி எடுங்கள், ஆடை உரிந்து வந்துவிடும்.

சொதப்பினால்

கன்னத்தில் பொடி கொட்டுவது மலிவு பேலட்டின் பிறவிக் குணம். கண்ணை முதலில் முடித்துவிட்டு ஃபவுண்டேஷன் போட்டால் கவலையே இல்லை. கொட்டியதை விரலால் துடைக்காமல் சுத்தமான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். திட்டுத் திட்டாக நின்றால் கன்சீலர் இன்னும் ஈரம் என்று பொருள்; ஒரு நிமிடம் விட்டு ஒற்றியிருக்க வேண்டும். மேலே மேலே பொடி அப்பினால் இன்னும் மோசமாகும். அந்த இடத்தை மட்டும் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பதே சுலபம். மடிப்பில் கோடு விழுந்துவிட்டால் விரலால் தட்டிச் சமப்படுத்தி, அதே நிறத்தை ஒருமுறை ஒற்றுங்கள். கிளம்புவதற்கு முன் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெளிர் நிறம் ஃப்ளாஷில் இன்னும் வெளுக்கும், மடிப்பில் பிரவுனைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கலாம்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் மேக்கப்புக்கு முன்பே போட்டுவிட வேண்டும், கலைக்கும் முன் கழற்ற வேண்டும். கலைக்கும்போது மைசெல்லர் வாட்டரில் (மேக்கப் கலைக்கும் திரவம்) நனைத்த பஞ்சை மூடிய இமைமேல் 20 நொடி வைத்திருந்து கீழ்நோக்கி வழித்தெடுங்கள். பிரஷ்களை வாரம் ஒருமுறை பேபி ஷாம்புவில் கழுவிப் படுக்கவைத்து உலர்த்துங்கள். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் கைப்பிடிக்குள் இறங்கி, பசை விட்டு, முடி கொட்ட ஆரம்பித்துவிடும்.